மேற்படி நோட்டு ஒன்று

ஜூலை 8, திங்கள்

இந்த நோட்டு என்னுடையது இல்லை. மூன்று நம்பர் லாட்டரி விற்ற ஒருவரிடமிருந்து அப்பாவின் ஸ்டேஷனில் பறிமுதல் செய்தது. முதல் ஒன்பது பக்கங்களில் அந்த ஆள் எண்களாக எழுதித் தள்ளியிருக்கிறார். மீதியெல்லாம் வெள்ளை. போன வருஷம் அப்பா இதைக் கொண்டுவந்து, "சும்மாதான் கெடக்கு, கணக்குப் போட்டுப் பழகு" என்றார்.

"கேஸ் முடிஞ்சிட்டாப்பா?"

"முடியும்."

கணக்குப் போடவில்லை. ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத விஷயம் சேர்ந்துகொண்டே போகிறது. அதனால் இன்றிலிருந்து பத்தாம் பக்கத்தில் எழுதுகிறேன், எல்லோரும் தூங்கிய பிறகு, கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து.

முதல் விஷயம். என் அப்பா இசக்கிமுத்து, வேம்படித்துறை ஸ்டேஷனில் ஏட்டு. ஸ்டேஷன் ரைட்டரும் அவர்தான். அதாவது எல்லாவற்றையும் எழுதுகிற ஆள். ஆனால் அவர் கையெழுத்தை அவரே இரண்டாம் தடவை படிக்க முடியாது. பழைய மாஜிஸ்திரேட் ஒரு மகஜரை, அதாவது சம்பவ இடத்தில் பிடித்ததைப் பற்றிப் போலீஸ் எழுதும் குறிப்பை, தூக்கிப் பிடித்து, "இதை எந்தப் பக்கம் மேலே வைத்துப் படிக்க வேண்டும்?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து நான் எட்டாம் வகுப்பிலேயே போலீஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒரு மகஜருக்கு இரண்டு பரோட்டா.

"வெளிய தெரிஞ்சா அப்பாக்கு வேல போயிரும்ட்டி" என்று ஒவ்வொரு பரோட்டாவோடும் சொல்வார். நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு. மூன்று வருஷமாகப் பரோட்டா தொண்டைக்குள் சரியாக இறங்கியதில்லை.

இன்றைய மகஜர், பனங்காட்டில் சேவல் சண்டை. சேவல் மூன்று, அதில் ஒன்று நொண்டி. ஊதா நிற ஸ்கூட்டர் ஒன்று, கிலோமீட்டர் காட்டி 18,402. பின்னால் மீன் பெட்டி ஒன்று. 'சம்பவ இடமான பனங்காட்டில் வைத்து எழுதப்பட்டது' என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினேன். சாட்சிகள் நாளைக்கு வந்து, நேற்று பார்த்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போடாமல் என் கை ஓடாது. மகஜருக்கும் போடுவேன். "அரசாங்கத்துக்குச் சாமி கெடையாதுட்டி, எடு அத" என்று ஒருமுறை திட்டினார். எடுக்கவில்லை. எறும்பு அளவுக்குச் சுருக்கி, மேல் மூலையில் வைத்துக்கொண்டேன். இதுவரை யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

சேவல் மூன்றும் மறுநாளே கோர்ட்டில் ஆஜர். உடனே உத்தரவு, உடனே ஏலம். ஸ்கூட்டர் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆஜர். கோர்ட்டுக்கு அதைப் பற்றி ஒரு வரிகூடப் போகவில்லை.

இதிலிருந்து நான் கற்றது: தீனி தின்கிற சொத்து கோர்ட்டுக்குப் போகும். பெட்ரோல் குடிக்கிற சொத்து வீட்டுக்கு வரும்.

"ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல நின்னா பெயிண்ட் போயிரும்லா. ஒரு பாதுகாப்புக்கு" என்றார் அப்பா.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "பாதுகாப்பு நாறுது. தேய்ப்புப் பெட்டி ஒரு கேஸு, கொடை ஒரு கேஸு, நீங்க உக்காந்திருக்க நாற்காலி ஒரு கேஸு. இந்த வீட்ல கேஸ் நம்பர் இல்லாதது நானும் எம்புள்ளையுந்தான்."

"பேச்சி, மெதுவா பேசு."

"ஏன், அக்கம்பக்கம் சாட்சிக்கு வந்துருமோ?"

ஜூலை 15, திங்கள்

பஸ் வரவில்லை என்று அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். மீன் பெட்டியைக் கழற்றிவிட்டார், வாசனையைக் கழற்ற முடியவில்லை. பஜார் முனையில் இரண்டு பூனைகள் தூக்கத்திலிருந்து எழுந்து பார்த்தன.

வண்டியின் முன்னால் புனித அந்தோணியார் படம் ஒட்டியிருக்கிறது. அவர் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று கேள்வி. அவர் கண்ணுக்கு முன்னாலேயே வண்டி தொலைந்திருக்கிறது. பாவம், அவரையும் சேர்த்துத்தான் பறிமுதல் செய்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூட வாசலில் பிரகாசி நின்றாள். என் பெஞ்சில் எனக்கு அடுத்து உட்காருகிறவள். வண்டியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

இன்று 18,427.

ஜூலை 16, செவ்வாய்

சாப்பாட்டு வேளையில் சொன்னாள்.

"எங்கம்மா வண்டிய ஒங்கப்பா நல்லாத்தான் ஓட்டுதாவ. வளைவுல கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு. பின் பிரேக் பிடிக்காது."

நான் டப்பாவை மூடிவிட்டேன்.

பிரகாசியின் அம்மா லூர்தம்மாள் கடற்கரையில் ஏலம் எடுத்த மீனை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர். அன்றைக்கு ஸ்கூட்டரை இரவல் வாங்கிப் போனது பிரகாசியின் சித்தப்பா. சேவல் சண்டை பார்த்தாராம். ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை, வேலிமேல் உட்கார்ந்து பார்த்தாராம். போலீஸைக் கண்டதும் அவர் ஓடிவிட்டார். வண்டிக்கு ஓடத் தெரியவில்லை.

இப்போது லூர்தம்மாள் ஷேர் ஆட்டோவில் போகிறார். மீன் கூடையை ஏற்ற ஒரு ஆட்டோக்காரர் சம்மதித்தால் இரண்டு பேர் மறுக்கிறார்கள். போய்ச் சேருவதற்குள் ஐஸ் உருகி, வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

"அம்மா மூணு தடவ ஸ்டேஷனுக்குப் போச்சு. வண்டி கோர்ட்ல இருக்கு, நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னு ஒங்கப்பாதான் சொன்னாவளாம்."

கோர்ட்டுக்கு மேல் என் அம்மா பழைய பெட்ஷீட்டைப் போர்த்தியிருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

18,489.

ஜூலை 21, ஞாயிறு

எஸ்.ஐ. ஐயா காலையில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு மாமனார் ஊருக்குப் போனார். மாலையில் வந்தார். 18,617. பின் பிரேக் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட முயன்றேன்.

ஜூலை 22, திங்கள்

அப்பா எஸ்.ஐ. பதவி உயர்வுப் பரீட்சைக்கு நான்கு வருஷமாகப் படிக்கிறார். அந்தப் புத்தகத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். போலீஸ் ஒரு பொருளைப் பறிமுதல் செய்தால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாத்து வைக்கலாம், பயன்படுத்தக் கூடாது. அது யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது கோர்ட், போலீஸ் இல்லை. உரிமையாளர் தானே மனுப் போட்டு, வழக்கு முடியும்வரை வைத்துக்கொள்ளக் கேட்கலாம்.

அந்தப் பத்தி முழுவதும் சிவப்பு மையில் அடிக்கோடு. ஓரத்தில் அப்பாவின் கோழிக்கிறுக்கல். பத்து நிமிஷம் பார்த்துக் கண்டுபிடித்தேன்: 'முக்கியம். 5 மார்க்.'

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். "யப்பா, ஒரு சந்தேகம். போலீஸு பிடிச்ச வண்டிய போலீஸே ஓட்டலாமா?"

"கூடாது" என்றார் உடனே, கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை அறையில் இருப்பதுபோல. "அது நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ள சொத்து."

"இது பரீட்சைக்குப் பதிலா, நெஜத்துக்கா?"

கண்ணைத் திறந்தார். "நெஜத்துக்கு ஐயா இருக்காரு. நீ துணிய மடி."

ஜூலை 25, வியாழன்

லூர்தம்மாள் கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறாராம். யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. சாப்பிடும்போது அப்பா, "வக்கீல் கூட இல்லட்டி. ஆனா நல்லாத்தான் எழுதியிருக்காவளாம், கோர்ட் கிளார்க் சொன்னான்" என்றார்.

ஒன்றரைப் பக்கம்தான். வண்டியை எப்போது கூப்பிட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன், விற்க மாட்டேன், நிறம் மாற்ற மாட்டேன் என்று கடைசியில் உறுதி கூறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கிலோமீட்டர் காட்டியைப் பார்க்கும்படி கேட்டிருந்தாலும் இருக்கலாம்.

விரல் வலிக்கிறது. கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நிறைய.

ஜூலை 30, செவ்வாய்

அப்பா இன்று வீட்டுக்கு நடந்து வந்தார். கை கால் கழுவினார். சாப்பிடவில்லை. முற்றத்தில் கிடந்த பெட்ஷீட்டை அம்மா எடுத்து மடித்தாள்.

ஜூலை 31, புதன்

நடந்ததைப் பிரகாசி சொன்னாள். அவளும் அம்மாவோடு போயிருந்தாள். புது மாஜிஸ்திரேட் அம்மாவைப் போலக் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு நடித்துக் காட்டினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, காய்ச்சலும் வந்தது.

மாஜிஸ்திரேட் முதலில் ஸ்டேஷனிலிருந்து மகஜரை வரவழைத்து, வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லித் தானே இறங்கிப்போய்ப் பார்த்திருக்கிறார். 18,731.

"மகஜர்ல 18,402. வண்டி எங்க இருந்துச்சு?"

"ஸ்டேஷன்ல நின்னுதும்மா" என்றாராம் அப்பா.

"நின்னுக்கிட்டே முந்நூத்தி இருபத்தொம்பது கிலோமீட்டர் ஓடிச்சா?"

அப்பா கூரையைப் பார்த்தாராம். எஸ்.ஐ. ஐயா அப்பாவைப் பார்த்தாராம்.

அப்புறம் மகஜரையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ரொம்ப நேரம். பிறகு, "லூர்தம்மாள், நீங்க பிள்ளையார் சுழி போடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் சிலுவ போடுவேம்மா" என்றாராம் லூர்தம்மாள்.

"மனுவோட மூலையில ஒரு பிள்ளையார் சுழி இருக்கு. எறும்பு மாதிரி. மகஜர்லயும் அதே மூலையில அதே எறும்பு இருக்கு. மனுவ எழுதினது யாரு?"

"எம்மவ கூடப் படிக்குத புள்ள. பேரு சொல்ல மாட்டேன்."

"மகஜர எழுதினது?"

"நாந்தாம்மா" என்றாராம் அப்பா.

ஒரு தாளை நீட்டி இரண்டு வரி எழுதச் சொன்னாராம். அப்பா எழுதினார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களே படிச்சுச் சொல்லிருங்க" என்றாராம். அப்பாவால் முதல் வரிக்கு மேல் போக முடியவில்லை.

படம் எடுத்துக்கொண்டு, உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி, அன்றைக்கே வண்டியை லூர்தம்மாளிடம் கொடுத்துவிட்டார்கள். கோர்ட் அதோடு விடவில்லை. அந்த ஸ்டேஷன் பிடித்த எல்லாச் சொத்தையும் அடுத்த செவ்வாய்க்கிழமை பட்டியலோடு கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றும் இதுவரை எங்கே இருந்தது என்றும் எழுத வேண்டும்.

"பட்டியல இந்தத் தடவ நீங்களே எழுதுங்க ஏட்டு. படிக்கிறது என் பாடு."

மத்தியானத்துக்கு மேல் டீச்சர் என்ன நடத்தினார் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளையார எம்புட்டுச் சின்னதா வரைஞ்சாலும் அந்தம்மாட்ட கண்ணாடி இருக்கு" என்றார்.

நான் அழுதேன்.

"எதுக்குட்டி எழுதுன?"

"நீங்க எழுதச் சொன்னிய, எழுதுனேன். அவ எழுதச் சொன்னா, எழுதுனேன்."

"ரெண்டு கட்சிக்கும் நீயே எழுதிட்டா நாங்கள்லாம் எதுக்கு?" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சரி. மனுவை எழுதியது நான்தான். 25-ஆம் தேதி இந்த நோட்டிடம்கூடப் பொய் சொன்னேன். கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் இன்னும் எழுதவே இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

வீடு காலியாகிறது. தேய்ப்புப் பெட்டி போய்விட்டது. குடை போய்விட்டது. நாற்காலி போனபோது அம்மா அதற்கு விபூதி பூசி வழியனுப்பினாள். டார்ச் லைட் போயிற்று. குக்கரும் கேஸ் என்று இன்றைக்குத்தான் அம்மாவுக்கே தெரியும். உள்ளே பருப்பு வெந்துகொண்டிருந்தது.

"பருப்பு எங்கப்பா வீட்டுச் சீருங்க. அத எறக்கிட்டுக் கொண்டு போங்க" என்றாள்.

அப்பா கசங்கிய யூனிஃபார்மில் நின்று பட்டியலைப் பார்த்தார். "லாட்டரி கேஸ் நோட்டு ஒண்ணு. ராயல் சைஸ், பக்கம் நூத்தித் தொண்ணூத்திரெண்டு. ஒங்கிட்ட கொடுத்தேன்லாட்டி?"

"தேடிப் பாக்கேன்" என்றேன்.

அதில்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

யோசித்த வழிகள்.

கிழித்துவிடலாம். முடியாது. பக்கம் 192 என்று மகஜரில் இருக்கிறது. எழுதியது நான். அன்றைக்கு ஒவ்வொரு பக்கமாக எண்ணிவேறு எழுதினேன், கடமை தவறாத சிறுக்கி.

புது நோட்டு வாங்கி அந்த ஒன்பது பக்க எண்களைப் பார்த்து எழுதிவிடலாம். அது பொய்ச் சாட்சி. தவிர, என் கை முதல் பக்க மூலையில் ஒரு எறும்பை வைக்காமல் விடாது.

தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் தொலைத்தது அப்பா என்று ஆகும். ஏற்கெனவே பதினேழு-பி வரும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது துறை விசாரணை. வேலையே போகலாம்.

மாலையில் எஸ்.ஐ. ஐயா அப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

"இசக்கி, எல்லாம் ஸ்டேஷன்லயேதான் இருந்துச்சுன்னு எழுதிரும். கிலோமீட்டர் எழுதுனதுல தப்பு நடந்துட்டுன்னு ஒரு வரி போட்டுரும். யாரு வீட்டுக்குள்ள வந்து பாத்தா?"

"சரிங்கய்யா" என்றார் அப்பா.

யாரும் வந்து பார்க்கவில்லை. ஆனால் எல்லாம் இந்த நோட்டில் இருக்கிறது. தேதியோடு, கிலோமீட்டரோடு, ஐயாவின் மாமனாரோடு. இதை அப்பாவிடம் கொடுத்தால் அவர் அடுப்பில் போடலாம். போட்டால் லூர்தம்மாளுக்கு வண்டி கிடைத்ததுகூடத் தப்புக் கணக்கு என்று ஆகிவிடும். அப்பா தப்பித்துவிடுவார். போடாவிட்டால் அப்பா மாட்டிக்கொள்வார்.

பிள்ளையாரே, எறும்பு அளவுக்குச் சுருக்கியதற்குக் கோபமா?

ஆகஸ்ட் 5, திங்கள்

பஸ் நிறுத்தத்தில் ஊதா ஸ்கூட்டர் வந்து நின்றது. லூர்தம்மாளை இத்தனை பக்கத்தில் இன்றுதான் பார்த்தேன். பெட்டி நிறைய ஐஸ். ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"நீதான் எறும்பா?" என்றார்.

தலையாட்டினேன்.

"ஏட்டு மவளாமே. பிரகாசி நேத்துத்தான் சொன்னா. தெரிஞ்சிருந்தா எழுதச் சொல்லியிருக்க மாட்டேன், தாயி." செவுள் சிவந்த இரண்டு விளை மீனைத் தாளில் சுற்றிக் கையில் வைத்தார். "ஒங்கப்பாட்ட சொல்லு, பிரேக்க சரி பண்ணிட்டேன்னு. ஓட்டுன மனுசனுக்குத் தெரிஞ்சிக்கணும்னு இருக்கும்லா."

மீனை வீட்டில் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று அப்பா கேட்டார். சொன்னேன். பிரேக்கையும் சொன்னேன். அம்மா குழம்பு வைத்தாள். அப்பா சாப்பிட்டார்.

நாளைக் காலை நோட்டைக் கொடுத்துவிடப் போகிறேன். அவர் பட்டியல் எழுதும் மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விடுவேன். அடுப்பில் போட்டால் போடட்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய், காலை

இதை நான் அப்பாவுக்குத் தெரிந்தே எழுதுகிறேன். ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்.

ஆறு மணிக்கு வைத்தேன். பின்வாசலில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காபி போட்டாள், இட்லி ஊற்றினாள், அடுப்பு பாட்டுக்கு எரிந்தது. அவர் வரவில்லை. உள்ளே ஒருமுறை சிரித்த மாதிரிச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்துக்குச் சிரித்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம் பக்கம் புரளும் சத்தம்.

எட்டு மணிக்குக் கூப்பிட்டார். பட்டியலை அவரே எழுதியிருந்தார். மூன்று தாள். ஒவ்வோர் எழுத்தாக, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி, இடைவெளி விட்டு. விரல் முழுக்க மை.

"படிக்க முடியுதா பாரு" என்றார்.

முடிந்தது. தேய்ப்புப் பெட்டி ஒன்று, இருந்த இடம் என் வீடு. குடை ஒன்று, என் வீடு. ஸ்கூட்டர் ஒன்று, என் வீடு, ஓட்டியது நானும் உதவி ஆய்வாளரும். கடைசியில்: 'மேற்படி நோட்டு ஒன்று. பக்கம் 192. முதல் ஒன்பது பக்கம் லாட்டரி எண்கள். பத்து முதல் நாற்பத்தொன்று வரை என் மகள் செல்லக்கனி எழுதியது. படித்தேன். சரியாக உள்ளது.'

"யப்பா, ஐயா என்ன சொல்லுவாரு?"

"சொல்லட்டும். நாலு வருசமா அஞ்சு மார்க் கேள்விக்குப் படிக்கேன். ஒரு தடவையாவது சரியா எழுதணும்லா."

அம்மா வாசலில் சாக்கைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "இன்னும் ஏதாச்சும் இருக்கா, இல்ல என்னையும் ஏத்தவா?" என்று கேட்கிறாள். நாற்பத்தொன்றாம் பக்கம் முடியப் போகிறது. இதற்கு மேல் எழுதினால் பட்டியல் தப்பாகிவிடும்.

ஒன்றே ஒன்று. அவருடைய முதல் தாளின் மேல் மூலையில் ஒரு பிள்ளையார் சுழி இருக்கிறது. எறும்பு அளவு இல்லை. நத்தை அளவு.